இணுவில் வீட்டு மின்குமிழ்

உ
இணுவில்,
2024 மார்ச் 2

என் ஆசைப் பேத்தி கீர்த்திகாவுக்கு,

அப்பம்மா எழுதுகிறேன். கந்தன் புண்ணியத்தில் முழங்காலைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. நீயும் அப்பாவும் அம்மாவும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்கவேண்டும். தொலைபேசியில் நீ கதைப்பதில் பாதி எனக்குக் கேட்பதில்லை. "ஆ? ஆ?" என்று கேட்டுக்கொண்டிருக்க எனக்கே வெட்கமாகிவிடுகிறது. கடிதமென்றால் நாலு தரம் வாசிக்கலாம், வருகிறவர்களுக்கும் வாசித்துக் காட்டலாம். வழமைபோல முன்வீட்டுக் கஜானி சுன்னாகத்தில் வேலை முடிந்து வந்ததும் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள்.

போன முறை வந்தபோது நீ விறாந்தைச் சுவரில் பூட்டிவிட்டுப் போன பெட்டியை இடம் மாற்றிவிட்டேன். கோபிக்காதே. வாறவன் போறவனெல்லாம் "என்னணை, புது கரண்ட் மீற்றரோ?" என்று கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்? என் பேத்தி செய்த சாமான் மீற்றரோ? கஜானியைக் கொண்டு வயர் இழுப்பித்து, சாமி அறையில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் வைத்திருக்கிறேன். ஒரு சந்தனப் பொட்டும் வைத்தேன். காலையில் குளித்து, விளக்கேற்றி, பூ வைத்து, ஒரு தேவாரம் பாடிவிட்டு உன் பொத்தானை அமத்துவேன். பச்சை வெளிச்சம் மினுக்கும். மீனாம்பிகை எழும்பிவிட்டாள் என்று நோர்வேக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணி வைப்பேன்.

ஆனால் நீ என்ன வேலை செய்கிறாய் என்று ஆரும் கேட்டால் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வருகுதில்லை. "கொம்பியூட்டர்" என்கிறேன். "பிறகேன் கண்காட்சி எண்டு சொல்லுறாள்?" என்று மறித்துக் கேட்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்கு விளங்குகிற மாதிரி எழுது. எழுத்துக் கொஞ்சம் பெரிதாக வரட்டும்.

உன் அன்பு அப்பம்மா,
பொ. மீனாம்பிகை


ஒஸ்லோ,
2024 மார்ச் 10

அன்பு அப்பம்மாவுக்கு,

பெட்டி சாமி அறையில் இருப்பதாக நான் சொன்னதும் என்னோடு வேலை செய்யும் மார்ட்டினுக்குப் பெரிய சந்தோசம். அவருடைய பெட்டி சப்பாத்து வைக்கும் தட்டில்தான் இருக்கிறதாம்.

இதுதான் என் வேலை. உங்கள் வீட்டில் இருப்பதுபோல ஒரு பெட்டி பல ஊர்களில், பல வீடுகளில் இருக்கிறது. சாதாரணமாக எல்லாப் பெட்டிகளும் ஒரு பெரிய இடத்துக்குச் சேதி அனுப்பும், அந்த இடம் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். இங்கே அப்படிப் பெரிய இடம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் வேறு நாலைந்து பெட்டிகளை மட்டும் தெரியும். நீங்கள் பொத்தானை அமத்தினால் உங்கள் வணக்கம் அந்த நாலைந்து வீட்டுக்குப் போகும். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த வீடுகளுக்குக் கொடுப்பார்கள். அப்படியே உலகம் சுற்றும்.

இங்கே நூலக மண்டபத்தில் ஒரு பெரிய இருட்டுச் சுவர் செய்திருக்கிறோம். ஒரு வீட்டுக்கு ஒரு மின்குமிழ். நடுவில் கண்ணாடி நூல்கள். சேதி எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த நூலில் வெளிச்சம் ஓடும். அதை ஓடவைக்கிற மென்பொருளை எழுதியது நான். எல்லோரும் சுவரைத்தான் பார்ப்பார்கள். என்னை ஒருவருக்கும் தெரியாது. அதுவும் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏப்ரல் 20 திறப்பு விழா. அன்றைக்கு முதல் வணக்கம் இணுவிலிலிருந்து வரவேண்டும் என்று எல்லோரிடமும் கேட்டு வாங்கிவிட்டேன். மற்ற வீடுகள் கொஞ்ச நேரம் பொறுத்திருக்கும். நீங்கள்தான் தொடங்கவேண்டும். உங்கள் நேரப்படி இரவு எட்டரைக்கு. அப்பா குத்துவிளக்கு வாங்கிவிட்டார். "எங்கடை பிள்ளையின்ரை நிகழ்ச்சி, விளக்கு ஏத்தாமல் தொடங்கிறதோ?" என்று நூலகத்தாரிடம் போய் நின்று அனுமதியும் எடுத்துவிட்டார்.

அன்புடன்,
கீர்த்திகா


உ
இணுவில்,
2024 மார்ச் 18

என் ராசாத்திக்கு,

உன் கடிதத்தைக் கண்ணாடி துடைத்துத் துடைத்து வாசித்தேன். கோயிலடி, சந்தை, ஆசுபத்திரி வரிசை எல்லா இடமும் சொல்லிவிட்டேன். பின்வளவுக்காரருக்கும் கேட்கட்டும் என்று கிணற்றடியில் நின்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

ஆனால் பிள்ளை, தலைவர் இல்லாமல் ஒரு காரியம் நடக்குமென்று நான் நம்பமாட்டேன். எங்கள் வைரவர் கோயிலில் தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர், போதாக்குறைக்குப் போஷகர் என்று இரண்டு பேர். இவ்வளவு பேர் இருந்தும் பொங்கலன்று விறகு வந்து சேரவில்லை. இதைக் கஜானிக்குச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "தலைவர் இல்லாதபடியாத்தான் ஆச்சி அங்கை வேலை நடக்குது" என்கிறாள். இருக்கும்.

ஒன்று கேட்கவேண்டும். நாலைந்து வீட்டைத்தான் தெரியும் என்கிறாய். அந்த நாலைந்தில் ஒரு வீடு பேசாமல் விட்டால்? என்ன சொன்னாலும் மறுமொழி இல்லை என்றால், அந்த வீட்டை என்ன செய்வீர்கள்?

திறப்பு விழாவுக்கு அந்த அரக்குக் காஞ்சிபுரத்தைக் கட்டிக்கொண்டு பொத்தானை அமத்தப் போகிறேன். ஆருக்கும் தெரியப்போவதில்லை என்று நீ சொல்லுவாய். எனக்குத் தெரியுமே.

அன்பு அப்பம்மா


ஒஸ்லோ,
2024 மார்ச் 27

அன்பு அப்பம்மா,

நீங்கள் கேட்டதைப் பற்றித்தான் நானும் மார்ட்டினும் ஒரு மாதமாகச் சண்டை பிடிக்கிறோம். இப்போது எழுதியிருப்பதன்படி, பேசாத வீட்டை மற்றப் பெட்டிகள் நாலைந்து தரம் தட்டிப் பார்க்கும். பிறகு மறந்துவிடும். சுவரிலும் அந்தக் குமிழை அழித்துவிடலாம், இருட்டாக நின்றால் வடிவில்லை என்பது மார்ட்டினுடைய கட்சி. உங்கள் கடிதம் வந்தபிறகு எனக்கு அது பிடிக்கவில்லை. மாற்றி எழுதியிருக்கிறேன். முதலில் அடிக்கடி தட்டும். பிறகு இடைவெளியைக் கூட்டிக் கூட்டித் தட்டும். ஆனால் ஒருநாளும் நிறுத்தாது. குமிழும் இருட்டாகவே அங்கே நிற்கும்.

பின்வளவுக்காரர் யார் என்று அப்பாவிடம் கேட்டேன். "ஆரும் இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். யார் அப்பம்மா?

கீர்த்திகா


இணுவில்,
2024 ஏப்ரல் 7

பிள்ளை கீர்த்திகாவுக்கு,

மேலே பிள்ளையார் சுழி போடவில்லை. கண்டிருப்பாய். எங்களுக்குத் துடக்கு, செத்த வீட்டுத் தீட்டு.

பின்வளவில் யார் என்று கேட்டாய். உன் அப்பப்பாவுக்கு ஒரே ஒரு தம்பி. செல்வநாயகம். உனக்குச் சின்ன அப்பப்பா. இன்று விடியப்புறம் கண்ணை மூடி மோசம் போய்விட்டான். அவன் பெண்சாதி குணலட்சுமி மருமகனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அந்தப் பெடியன் படலையைத் திறக்காமல் வெளியிலேயே நின்று, "மாமி சொல்லிவிட்டவ. வாறதும் வராததும் உங்கடை விருப்பமாம்" என்றான்.

இருபத்தைந்து வருடமாக அந்த வீட்டோடு எங்களுக்குப் பேச்சில்லை. ஒரு வேலிச் சண்டைதான் முதல். வேலிக் கதியாலைப் பிடுங்கி ஒரு முழம் தள்ளி நட்டான் என்று உன் அப்பப்பா சொன்னார், நடவில்லை என்று அவன் சொன்னான். அது யாழ்ப்பாணத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். பிறகு அப்பப்பா செத்துப்போனார். தமையன் செத்தால் தம்பிக்குத் துடக்கு, முப்பத்தோராம் நாள் அந்தரட்டி முடியும்வரை கோயில் வாசல் மிதிக்கக்கூடாது. அவன் செத்த வீட்டுக்கும் வரவில்லை, துடக்கும் காக்கவில்லை. நாங்கள் பாயில் கிடந்து அழுதுகொண்டிருக்க, வைரவர் கோயில் திருவிழாவுக்குப் பட்டு வேட்டி கட்டி, மேளத்தோடு எங்கள் வாசல் ஒழுங்கையால்தான் போனான். "எனக்கு அண்ணை எண்டு ஒருத்தனும் இல்லை" என்று ஊருக்குச் சொன்ன மாதிரி. உன் அப்பா அன்றைக்குக் கொள்ளி வைத்த மொட்டைத் தலையோடு படலைக்குள் நின்று அதைப் பார்த்தவன். அடுத்த வருடம் நோர்வேக்கு வந்துவிட்டான்.

இன்று நான் சாமி அறையைப் பூட்டிவிட்டேன். அந்தரட்டி முடியும்வரை திறக்கமாட்டேன். உன் திறப்பு விழா அதற்கு முந்தி வருகிறது. பெட்டி உள்ளே இருக்கிறது. சாமிகளோடு வைத்துப் பூப்போட்ட சாமானைத் துடக்குக் கையால் தொடக்கூடாது. நீ வைத்த இடத்தில் விறாந்தையிலேயே விட்டிருந்தால் இந்தக் கரைச்சல் இல்லை. மீற்றரோ என்று கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று இருந்திருக்கலாம்.

அப்பாவுக்கும் துடக்கு, உனக்கும் துடக்கு. அவனிடம் நீ சொல்லு. நான் சொன்னால் தொலைபேசியை வைத்துவிடுவான்.

அப்பம்மா


ஒஸ்லோ,
2024 ஏப்ரல் 10

அப்பம்மா,

எனக்கு அழுகையும் வருகிறது, கோபமும் வருகிறது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அவர் காக்காத துடக்கை நீங்கள் ஏன் காக்கவேண்டும்? எனக்கு ஒரு சின்ன அப்பப்பா இருந்தார் என்றே இப்போதுதான் தெரியும். பேச்சில்லை, உறவில்லை என்று இவ்வளவு காலமும் இருந்துவிட்டு, செத்தபிறகு மட்டும் உறவா? உறவில்லை என்றால் துடக்கும் இல்லை. நீங்கள் கதவைத் திறக்கலாம். ஊரில் ஒருவரும் உங்களைக் குறை சொல்லமாட்டார்கள். உங்களுக்கே மனமில்லை என்றால் கஜானி அக்கா உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துத் தரட்டும்.

ஒரு வருட வேலை அப்பம்மா. இணுவில் என்று அழைப்பிதழில் அச்சடித்தாகிவிட்டது. மார்ட்டின், "மென்பொருளில் ஒரு வரி எழுதினால் போதும், உன் அப்பம்மாவின் குமிழ் தானாக எரியும், ஒருவருக்கும் தெரியாது" என்கிறார். எழுத ஐந்து நிமிடம்கூடத் தேவையில்லை.

அப்பாவிடம் சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு ஒரு துடக்கும் இல்லை. விளக்கை நான்தான் ஏத்துவன்" என்றார். அன்று பின்னேரமெல்லாம் குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தார். அது புது விளக்கு. மினுக்க ஒன்றும் இல்லை.

கீர்த்திகா


இணுவில்,
2024 ஏப்ரல் 13

என் குஞ்சுக்கு,

இன்று சித்திரை வருடப்பிறப்பு. ஊரெல்லாம் மருத்துநீர் வைத்து முழுகுகிறது. எங்களுக்கு இல்லை. ஆறுதலாக எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

நீ கோபித்தது சரி. கோபம் வந்தால் என்னிடம் கோபிக்காமல் ஆரிடம் கோபிப்பாய்? ஆனால் கதவு திறக்கமாட்டேன். கஜானியையும் விடமாட்டேன். துடக்கு வீட்டில் ஆர் திறந்தாலும் திறந்ததுதான்.

அவன் காக்காததை நான் ஏன் காக்கவேண்டும் என்று கேட்டாய். நானும் அன்று காலை சாமி அறைத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதைத்தான் கேட்டேன். பொய் சொல்லமாட்டேன், அவனைப்போல நானும் பட்டுச்சீலை கட்டி, அரக்குக் காஞ்சிபுரத்தையே கட்டி, அந்த ஒழுங்கையால் கோயிலுக்குப் போகலாம் என்று ஒரு ஆசை வந்தது. பிறகு யோசித்தேன். அவன் செய்தபடியால் நானும் செய்கிறேன் என்றால், செத்தவனைப் பார்த்து நான் நடக்கிறேன். மீனாம்பிகை ஆரைப் பார்த்து நடந்தவள்? நான் கலியாணம் முடித்து இந்த வளவுக்கு வந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் போகத் தலை இழுத்துவிட்டது நான். அது அவன் என்ன செய்தாலும் இல்லையென்று ஆகாதே.

செத்த வீட்டுக்குப் போனேன். நான் உள்ளே கால் வைத்ததும் ஒப்பாரி சொன்ன பெண்டுகள் எல்லாம் வாயை மூடிவிட்டார்கள். குணலட்சுமி தலை நிமிர்ந்து, "இப்ப வாறியளோ அக்கா, அவர் கண்ணை மூடினாப் பிறகு?" என்றாள்.

"கண் திறந்திருக்கேக்கை வந்தால் உவன் சண்டைக்கெல்லோ வந்திருப்பான்" என்றேன்.

அவளுக்கு அழுகைக்குள்ளே சிரிப்பு வந்துவிட்டது. "ஓம், வந்திருப்பார்" என்று சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அதற்குப் பிறகுதான் மற்றப் பெண்டுகளுக்கும் ஒப்பாரி ஞாபகம் வந்தது.

மார்ட்டின் தம்பி சொன்ன ஒரு வரி உன் விருப்பம். நீ எழுதினால் நான் கோபிக்கமாட்டேன். ஆனால் நான் அமத்தாமல் எரிகிற குமிழை என் வீட்டுக் குமிழ் என்று சொல்லாதே.

அப்பாவை வற்புறுத்தாதே. அன்று படலைக்குள் நின்று எல்லாம் கண்டவன் அவன். விளக்கு ஏற்றட்டும். அவன் ஏற்றினாலும் அவன் என் பிள்ளைதான்.

அன்றைக்கு எட்டரைக்கு நான் பூட்டின கதவுக்கு முன்னால் ஒரு கதிரை போட்டு இருப்பேன். உன்னை நினைத்துக்கொண்டு.

அப்பம்மா


ஒஸ்லோ,
2024 ஏப்ரல் 21

அன்பு அப்பம்மாவுக்கு,

நேற்று நடந்ததை முழுக்க எழுதுகிறேன். கஜானி அக்காவையும் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள்.

அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. மார்ட்டினுக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

மண்டபம் நிறைந்திருந்தது. பாதி நோர்வேக்காரர், பாதி எங்கள் ஆட்கள். தமிழ்ச் சங்கத்து மாமா ஒலிவாங்கியில், "இப்போது மங்கள விளக்கேற்றுவதற்குக் கீர்த்திகாவின் தந்தை திரு. ஜெயதீபன்" என்று கூப்பிட்டார். அப்பா வேட்டி சால்வையோடு போனார். நெருப்புக்குச்சியைத் தட்டினார். அது எரிந்தது. அவர் திரிக்குக் கிட்டக் கொண்டுபோகவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். குச்சி எரிந்து விரலுக்கு வந்தபிறகு ஊதி அணைத்தார்.

"நான் ஏத்தக்கூடாது" என்றார். "எனக்குத் துடக்கு. என்ரை சித்தப்பா மோசம் போட்டார்."

ஒலிவாங்கியில் அது எல்லோருக்கும் கேட்டது. அப்பா "சித்தப்பா" என்று சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. என்ன செய்வதென்று சங்கத்து மாமாவுக்குத் தெரியவில்லை. விளக்கு ஏற்றாமலே விட்டுவிட்டார்கள்.

பிறகு நான் போய்ச் சொன்னேன். முதல் வணக்கம் இணுவிலிலிருந்து வருவதாக இருந்தது, அந்த வீட்டில் இழவு, அதனால் வராது என்றேன். இதில் தலைமை வீடு என்று ஒன்று இல்லாதபடியால் எந்த வீடும் தொடங்கலாம், காத்திருப்போம் என்றேன். காத்திருந்தோம். பிறகு மேல் மூலையில் ஒரு குமிழ் எரிந்தது. எந்த வீட்டுக்காரர், ஏன் பொறுக்காமல் அமத்தினார் என்று எனக்குத் தெரியாது. அங்கிருந்து நூல் நூலாக ஓடிச் சுவர் முழுக்க வெளிச்சம். இணுவில் குமிழ் மட்டும் இருட்டாக நின்றது. வெளிச்சம் அதைச் சுற்றிக்கொண்டு போனது. இடைக்கிடை ஒரு மெல்லிய கீற்று அதற்குக் கிட்டப் போய்த் தட்டிவிட்டுத் திரும்பி வந்தது.

ஒரு நோர்வேப் பெண் அப்பாவிடம், "அது பழுதா?" என்று கேட்டார்.

அப்பா, "இல்லை, அங்கே ஆள் இருக்கிறார்" என்றார்.

அப்பாதான் வீட்டுக்குக் கார் ஓட்டினார். காரை நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்து, "குணலட்சுமிச் சித்தியின்ரை நம்பர் அப்பம்மாவிட்டை இருக்குமோ?" என்று என்னைக் கேட்டார். இருந்தால் அனுப்புங்கள் அப்பம்மா.

உங்கள் கீர்த்திகா


உ
இணுவில்,
2024 மே 12

என் செல்லப் பேத்திக்கு,

அந்தரட்டி நல்லபடி முடிந்தது. அடுத்த நாள் வீடு முழுக்கக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாமி அறை திறந்தேன். உன் பெட்டியில் தூசி. பச்சை வெளிச்சம் முதலில் வரவில்லை. கஜானி வந்து என்னவோ பிடுங்கிச் செருகினாள். பிறகு அமத்தினேன். இனி அது விறாந்தைக்குப் போகிறது. சாமியோடு வைத்து இரண்டு பேரையும் வில்லங்கத்தில் மாட்டமாட்டேன்.

உன் கடிதத்தைக் கஜானியோடு ஒரு தரம் வாசித்தேன், தனிய எத்தனை தரம் என்று தெரியாது. கஜானி முன்னால் நான் அழவில்லை. கண்ணாடியில் புகை.

அப்பா போன கிழமை குணலட்சுமிக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறான். அவளே வந்து சொன்னாள். "ஆர்? ஆர்?" என்று இவள் கேட்டுக் கேட்டு, வைக்கப்போகிற நேரம், "சித்தி, நான் தீபன். சாப்பிட்டியளோ?" என்றானாம். அவ்வளவுதானாம் கதைத்தது. அதைச் சொல்ல அவளுக்கு ஒரு பின்னேரம் முழுக்கத் தேவைப்பட்டது.

ஒழுங்கையால் சுற்றி வர அவளுக்குக் கால் ஏலாதாம். அதனால் என்னிடம் கேட்காமலே பின்வேலியில் இரண்டு கதியாலைப் பிடுங்கி ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டாள். அதற்குள்ளால் இப்போது ஒவ்வொரு நாளும் வருகை. வேலி ஆருடையது என்ற கதையை நான் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

உன்னையும் உன் சுவரையும் பற்றி அவளுக்கு முதலிலிருந்து சொல்லியாகிவிட்டது. "உதெல்லாம் நீங்கள் கிணத்தடியிலை நிண்டு கத்தேக்கையே கேட்டனான்" என்கிறாள்.

இன்னும் எழுதலாம். ஆனால் அவள் இப்போது என் அடுப்படியில் நின்று தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று சத்தம் போடுகிறாள். வந்து ஒரு மாதமில்லை, அதற்குள் குறை சொல்லத் தொடங்கிவிட்டாள். போய் என்னவென்று பார்க்கிறேன்.

உன் அப்பம்மா,
பொ. மீனாம்பிகை